ஸ்டாட்டிக் மெத்தடுக்குள் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் எடுப்பது எப்படி? அவசரம்

ஒயிட்டவுன்_கோடர்:
புதுச்சேரி விடுதி ஒன்றுக்கு ஏஎஸ்பி.நெட்டில் (மைக்ரோசாஃப்டின் வெப்சைட் கட்டும் கருவி) புக்கிங் சைட், தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழி. மொழி குக்கியை (தேர்ந்தெடுத்த மொழியை பிரவுசரில் வைக்கும் சின்னக் குறிப்பு) படிக்க, எழுத ஒரு ஸ்டாட்டிக் ஹெல்பர் கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட் உருவாக்காமலே கூப்பிடுவது. உள்ளே ரிக்வெஸ்ட் (பிரவுசர் அனுப்பும் கோரிக்கை) என்று எழுதினாலே எரர். இப்போதைய ரிக்வெஸ்டை எடுக்க ஹெச்டிடிபிகான்டெக்ஸ்ட்.கரென்ட் போட்டால் ஒரு இடத்தில் வருகிறது, இன்னொரு இடத்தில் நல் (null, அதாவது ஒன்றுமே இல்லை). சனிக்கிழமை லைவ் போகணும், யாராவது சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்_டெவ்:
பழைய ஃபிரேம்வொர்க்கா, டாட்நெட் கோரா? நல் எந்த இடத்தில் வருது?

முதலியார்பேட்டை:
செஷன் டைம்அவுட்தான். வெப்.கான்ஃபிக்கில் (சைட்டின் செட்டிங் ஃபைல்) நேரத்தைக் கூட்டிப் பாருங்க.

லாஸ்பேட்டை_சீனியர்:
அடிப்படை தெரியாமல் லைவ் போகக் கூடாது தம்பி. ரிக்வெஸ்ட் என்பது பேஜ் ஆப்ஜெக்டின் ப்ராபர்ட்டி, ஸ்டாட்டிக் மெத்தடுக்கு ஆப்ஜெக்டே கிடையாது, அப்புறம் எங்கிருந்து எடுக்கும்? கரென்ட் என்பது அந்த ரிக்வெஸ்டைக் கவனிக்கும் த்ரெடோடு (கோடை ஓட்டும் இழை) வருவது. டாஸ்க்.ரன் போட்டு வேலையைப் பின்னணியில் வேறு த்ரெடுக்கு அனுப்பினால் நல்தான். கோரில் கரென்டே இல்லை, அதற்குப் பதிலான ஐஹெச்டிடிபிகான்டெக்ஸ்ட்ஆக்சஸரைப் பதிவு செய்து, வேண்டிய கிளாஸுக்குள் கொடுக்கணும் (இன்ஜெக்ட்).

நெல்லிக்குப்பம்:
எதற்கு இவ்வளவு? ரிக்வெஸ்டை ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டில் (கிளாஸுக்குப் பொதுவான வேரியபிள்) போட்டு வைங்க, எங்கிருந்தும் எடுக்கலாம்.

மஞ்சக்குப்பம்_டெவ்:
ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க! ஸ்டாட்டிக் ஃபீல்டு அப்ளிகேஷன் முழுக்க ஒன்றே ஒன்றுதான். ஒருவர் பிரெஞ்சைத் தேர்ந்தெடுக்கும் அதே நேரத்தில் கடலூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்தால் அவருக்கும் பிரெஞ்சில் பக்கம் திறக்கும். மொழியோடு போனால் பரவாயில்லை, லாகின் குக்கி என்றால் ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் திறந்துவிடும். நீங்கள் தனியாக டெஸ்ட் பண்ணும்போது தெரியவே தெரியாது, கூட்டம் வந்தால்தான் வெளியே வரும். தேவையானதை மெத்தடுக்குப் பாராமீட்டராகக் கொடுங்க.

நெல்லிக்குப்பம்:
ஒவ்வொரு மெத்தடுக்கும் கொடுத்துக்கொண்டே போனால் கோட் அசிங்கமாகிடும். அப்போ ஸ்டாட்டிக் கிளாஸே தப்பு என்கிறீங்களா?

லாஸ்பேட்டை_சீனியர்:
யார் அப்படிச் சொன்னது? ஸ்டாட்டிக் மெத்தட் தப்பில்லை. ஒரு ஆளின் விவரத்தை ஸ்டாட்டிக்கில் சேமிப்பதுதான் தப்பு. இந்த வித்தியாசம் புரியாதவர்கள் பதில் எழுத வேண்டாம்.

நெல்லிக்குப்பம்:
பதில் எழுத உங்களிடம் அனுமதி வாங்கணுமா? பாராமீட்டர் எட்டு, பத்து என்று போகும் கோடை நீங்கள் பராமரித்ததுண்டா?

மஞ்சக்குப்பம்_டெவ்:
ரிக்வெஸ்ட் முழுக்க வேண்டாமே, மொழி என்ற ஒரு ஸ்ட்ரிங் போதும்.

முதலியார்பேட்டை:
எதற்கும் செஷனையும் பாருங்க.

ஒயிட்டவுன்_கோடர்:
ஃபிரேம்வொர்க் 4.8. நல் வந்தது மெயில் அனுப்பும் டாஸ்க்.ரன் உள்ளே. மொழியை முன்னாலேயே வேரியபிளில் எடுத்து உள்ளே கொடுத்தேன், சரியாகிவிட்டது. நன்றி.

மஞ்சக்குப்பம்_டெவ்:
குக்கி எழுதுவதும் அந்த டாஸ்க்குக்குள்ளா? ரெஸ்பான்ஸின் ஹெடர் (பதிலின் முன்பகுதி, குக்கி போவது இதில்தான்) போன பிறகு எழுதினால் எக்செப்ஷன் வரும், லைவுக்கு முன்னால் அதையும் வெளியே எடுத்துடுங்க.