டெக்சஸ் ஸ்கூலில் டிஸ்லெக்சியா டெஸ்ட் கேட்டால் "வீட்டில் தமிழ்தானே, பொறுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

இரண்டாங்கிளாஸ்_அப்பா:
டாலஸ் பக்கம் ஒரு ஐஎஸ்டி (பள்ளி டிஸ்ட்ரிக்ட்), பேர் வேண்டாம். பெண் செகண்ட் கிரேடு. வாய் ஓயாமல் பேசுவாள், கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வாள், புத்தகத்தைக் கையில் கொடுத்தால்தான் சிக்கல். 'வாஸ்' (was) என்று இருப்பதை 'சா' (saw) என்கிறாள், அடுத்த வரியில் அதே சொல் வந்தால் வேறு ஏதோ சொல்கிறாள், படத்தைப் பார்த்து மீதியை ஊகித்து ஒப்பேற்றுகிறாள். டிஸ்லெக்சியாவுக்கு (எழுத்துக் கூட்டி வாசிப்பதில் வரும் குறைபாடு) டெஸ்ட் பண்ணுங்கள் என்று போன வருஷத்திலிருந்து டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், இஎஸ்எல்-லில் (வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் வகுப்பு) இருக்கிறாள், மொழி பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள். இப்போது ரீடிங் இன்டர்வென்ஷன் டையர் டூ (சின்னக் குழுவில் கூடுதல் வாசிப்புப் பயிற்சி) முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று புதுக் கதை. இதெல்லாம் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

ப்ளேனோ_மாமி:
காத்திருக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பாட்டுதான் பாடினார்கள். ஐடியா சட்டப்படி (குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான ஃபெடரல் சட்டம்) நீங்கள் கேட்டதிலிருந்து 60 நாளில் ஸ்கூல் டெஸ்ட் பண்ணியாக வேண்டும். ஒரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் விடுங்கள், தானாக வழிக்கு வருவார்கள்.

ஸ்பெட்_ஆபீஸ்_ஆள்:
மாமி, அவசரப்படாதீர்கள் :) நான் வேறொரு ஐஎஸ்டியில் ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) பேப்பர் வேலை பார்க்கிறேன். அந்த 60 நாள் மாநிலம் தனியாகக் கெடு வைக்காத இடத்துக்கு, அதுவும் பெற்றோர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். டெக்சஸில் கணக்கு வேறு.

அண்ணா, நீங்கள் கேட்டதெல்லாம் வாய்வழிதானே? அதனால்தான் யாருக்கும் அவசரம் இல்லை. டிஸ்ட்ரிக்ட்டின் ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டருக்கோ ஸ்கூல் பிரின்சிபலுக்கோ எழுத்தில் போங்கள், டீச்சருக்கு அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கேட்டால் 15 பள்ளி நாளுக்குள் ஒன்று 'டெஸ்ட் செய்கிறோம்' என்று சம்மதப் படிவம் தர வேண்டும், இல்லையென்றால் 'மாட்டோம், காரணம் இது' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பெயர் ப்ரையர் ரிட்டன் நோட்டீஸ். இரண்டில் எது வந்தாலும் பெற்றோர் உரிமைகள் கையேடும் கூடவே வர வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததிலிருந்து 45 பள்ளி நாளில் ரிப்போர்ட். பள்ளி நாள் என்றால் பிள்ளைகள் வருகிற நாள் மட்டும், தேங்க்ஸ்கிவிங்கும் கிறிஸ்துமஸ் லீவும் சேராது. குழந்தை மூன்று நாளோ அதற்கு மேலோ ஆப்சென்ட் ஆனால் அதையும் கூட்டிக்கொள்வார்கள்.

இன்டர்வென்ஷன் முடியட்டும் என்பது செல்லவே செல்லாது. அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஃபெடரல் கல்வித்துறை 2011 ஜனவரியிலேயே எல்லா மாநிலத்துக்கும் எழுதிவிட்டது. இன்டர்வென்ஷன் ஒரு பக்கம் நடக்கட்டும், டெஸ்ட் ஒரு பக்கம் நடக்கட்டும். டிஸ்லெக்சியாவும் 2023 சட்டத்துக்குப் பிறகு இங்கே ஸ்பெஷல் எட் வழியாகத்தான் வருகிறது, தனி ரூட் கிடையாது.

வாரயிறுதி_தமிழ்_டீச்சர்:
தமிழ் பள்ளிக்கு வருகிறாளா? அங்கே எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டீர்களா?

இரண்டாங்கிளாஸ்_அப்பா:
வருகிறாள். ஒரு வருஷம் ஆகியும் க, த இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கிறாள். மற்ற பிள்ளைகள் கூட்டி வாசிக்கிறார்கள், இவள் பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். பாட்டியோடு தமிழில் பேசுவதில் ஒரு குறையும் இல்லை.

வாரயிறுதி_தமிழ்_டீச்சர்:
அப்படியானால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம். இங்கிலீஷ் பழகாததுதான் பிரச்சினை என்றால் நன்றாகப் பேசுகிற தமிழில் ஏன் எழுத்துக் கூட்ட வரவில்லை? அந்த டீச்சரிடம் தேதி போட்டு அரைப் பக்கம் எழுதி வாங்கி மெயிலோடு இணையுங்கள்.

ஸ்பெட்_ஆபீஸ்_ஆள்:
அருமையான பாயின்ட், எங்கள் ஆபீஸில் இதைக் கொண்டுவருகிற பெற்றோர் ரொம்பக் குறைவு. இங்கிலீஷ் போதாமை மட்டுமே காரணமாக இருந்தால் குழந்தையைக் குறைபாடுள்ளவள் என்று முத்திரை குத்தக் கூடாது என்று சட்டத்தில் ஒரு விதி உண்டு, நல்ல விதிதான். ஆனால் அது டெஸ்ட் முடிந்து கமிட்டி உட்கார்ந்து தகுதியை முடிவு செய்கிறபோது பார்க்க வேண்டியது. டெஸ்டே பண்ணாமல் இருக்க அதைச் சாக்காகச் சொல்வதுதான் தப்பு.

மெயிலில் நீட்டி முழக்க வேண்டாம். பெயர், கிரேடு. 'என் மகளுக்கு ஐடியா சட்டத்தின் கீழ் முழுமையான தனிப்பட்ட ஆரம்ப மதிப்பீடு செய்யும்படி எழுத்துமூலம் கேட்கிறேன், டிஸ்லெக்சியா உட்பட எல்லாச் சந்தேகப் பகுதிகளிலும்.' கீழே கவனித்தவை நாலு வரி. பள்ளி நாள் கணக்கில் பதில் எதிர்பார்க்கிறேன் என்று ஒரு வரி. கோபமெல்லாம் வேண்டாம்.

இரண்டாங்கிளாஸ்_அப்பா:
நான் எச்1பி, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். மனைவி பயப்படுகிறாள், ஸ்கூலோடு மல்லுக்கட்டினால் ஏதாவது வருமா என்று.

ப்ளேனோ_மாமி:
வராது தம்பி. இந்த டெக்சஸிலேயே டைலர் ஊர் ஸ்கூல் குடியேற்றப் பேப்பர் இல்லாத பிள்ளைகளிடம் ஃபீஸ் கேட்டு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1982-ல் ப்ளைலர் எதிர் டோ தீர்ப்பில் அவர்களுக்கும் பள்ளி திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விசாவோடு இருக்கிற நீ எதற்குப் பயப்பட வேண்டும்? உரிமை கேட்டதற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம்.

இங்கே தள்ளிப்போடுவது பழைய பழக்கம் என்பதையும் தெரிந்துகொள். ஸ்பெஷல் எட்டில் 8.5 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் டிஸ்ட்ரிக்ட்டுக்கு மார்க் குறைத்து வைத்திருந்தது மாநிலக் கல்வித்துறை. 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது, 2017-ல் சட்டமன்றம் அந்த வரம்புக்குத் தடை போட்டது, 2018-ல் ஃபெடரல் கல்வித்துறையும் டெக்சஸ் சட்டத்தை மீறியது என்று அறிக்கை கொடுத்தது. வரம்பு போனாலும் 'பொறுங்கள்' என்கிற வாய் போகவில்லை.

இரண்டாங்கிளாஸ்_அப்பா:
அப்டேட். மெயில் போட்டேன். டீச்சர் கடிதமும் இணைத்தேன். சம்மதப் படிவம் வந்துவிட்டது, மறுப்பு இல்லை. அதில் குழந்தையின் முதன்மை மொழி எது என்று கேட்கிறார்கள். தமிழ் என்று போட்டால் திரும்ப இஎஸ்எல் பாட்டைத் தொடங்குவார்களோ?

ஸ்பெட்_ஆபீஸ்_ஆள்:
உள்ளதை எழுதுங்கள்: வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், பேச்சு இரண்டிலும் சரளம். எந்த மொழியில் டெஸ்ட் செய்தால் சரியான தகவல் கிடைக்குமோ அதில் செய்வது அவர்கள் கடமை, தமிழில் செய்ய ஆளில்லை என்றால் அந்தக் குறையை எப்படி ஈடுகட்டினோம் என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட தேதியைக் குறித்துக்கொண்டு ஒரு காப்பி எடுத்துவிட்டுக் கொடுங்கள். தகுதியை முடிவு செய்கிற ஏஆர்டி கமிட்டி கூடும்போது எல்பேக் (இங்கிலீஷ் கற்கும் பிள்ளைகளுக்கான கமிட்டி) ஆள் ஒருவரும் உட்கார வேண்டும், அதை இப்போதே கேட்டு வையுங்கள். ரிப்போர்ட்டில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால் டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளி ஆளை வைத்துத் தனி மதிப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.