‘சின்ஸ்’, ‘ஃபார்’: எந்த இடத்தில் எதை எழுதுவது?

கேள்வி:
வணக்கம். வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதலாமா? காரணத்துடன் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
அதில் இரண்டு திருத்தங்கள் தேவை. செயல் தொடங்கிய நேரத்தைக் குறிக்க ‘சின்ஸ்’ வரும். அது நீடித்த கால அளவைக் குறிக்க ‘ஃபார்’ வரும். ஆகவே ‘சின்ஸ் 2019’, ‘சின்ஸ் மண்டே’ என்பவை சரி. ஐந்து ஆண்டுகள் என்றால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. அடுத்தது வினை. தமிழில் ‘ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவதால் ‘ஐ ஆம் வொர்க்கிங்’ நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்திலோ, முன்பு தொடங்கி இன்றுவரை தொடரும் செயலுக்கு ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றே எழுத வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த வேலையை விட்டுவிட்டவர் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுத வேண்டும். ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று எழுதினால், இன்னும் அங்கேயே பணியில் இருப்பதாகத்தான் நேர்காணல் நடத்துபவர் எடுத்துக்கொள்வார். விண்ணப்பத்தில் இது மிக முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒருவரைப் பல ஆண்டுகளாகத் தெரியும் என்பதற்கும் ‘ஹேவ் பீன் நோயிங்’ என்று எழுதலாமா?

பதில் 1:
கூடாது. அறிதல், விரும்புதல் போன்ற நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாக ‘இங்’ வடிவம் ஏற்பதில்லை. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2019’ என்று எழுதுங்கள்.