வாடைக்கு முன் வெளிச்சுவர் பெயின்ட்: நீலமா, கரும்சாம்பலா, அம்மாவின் மஞ்சளா?

அலஸ்தோட்டத்துக்காரி கேட்கிறார்:

எங்கள் வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்கு நடந்து ஐந்து நிமிடம். கடலைப் பார்த்த முன்பக்கம் அப்பப்பா காலத்துச் செங்கல் வீடு. சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, மேலே ஓடு. பின்னால் இரண்டு அறையும் குசினியும் நாங்கள் சீமெந்து புளொக்கல்லில் கட்டியவை, மேலே சீற் கூரை. அதில் ஒரு அறைக்கு ஆடி பிறந்த கையோடுதான் பூச்சு முடிந்தது.

அப்பா இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளை அடிப்பார். 2021இல் நாங்கள்தான் முதல்முறையாக டின் பெயின்ட் அடித்தோம், வெளிர்பச்சை. இப்போது கடல்பக்கச் சுவரில் இடுப்பளவுக்குக் கீழே பெயின்ட் அப்பளம் போலப் பொங்கி நிற்கிறது. விரலால் அழுத்தினால் உடைந்து உள்ளேயிருந்து வெள்ளை மாவு கொட்டுகிறது. யன்னல் கம்பிகளுக்குக் கீழே கறள், வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி. பின்வீட்டு மேற்குச் சுவரைப் பச்சை என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஐப்பசி மழைக்கு முன் அடித்து முடிக்க வேண்டும். எனக்குக் கடல் நீலம் ஆசை. கனடாவில் இருக்கும் தம்பி அவன் தெருவில் உள்ள ஒரு வீட்டைப் படம் எடுத்து அனுப்பியதிலிருந்து இவருக்குக் கரும்சாம்பல்தான் வேண்டுமாம். அம்மா மஞ்சளைத் தவிர வேறு பேச்சில்லை. எந்த நிறம் இங்கே நிற்கும்?

பழைய பிரஷ், பாலையூற்று:

தங்கச்சி, முப்பது வருடமாக இந்த ஊரில் சுவர் சுரண்டுகிறவன் சொல்கிறேன், நிறத்தைப் பிறகு பார்ப்போம். அந்த அப்பளம்தான் முதல் விஷயம்.

பழைய சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அப்பாவின் வெள்ளை அதற்குத் தடையில்லை. டின் பெயின்ட் பிளாஸ்டிக் தோல் போன்றது. மேலே அதைப் போர்த்தியதும் ஈரம் உள்ளே நின்றுவிட்டது. ஈரத்தோடு வந்த உப்பு தோலுக்குப் பின்னால் பளிங்காகப் பூத்துத் தோலைத் தள்ளுகிறது. நீங்கள் கண்ட மாவு அதுதான். அதன்மேல் எவ்வளவு விலை கூடிய பெயின்ட் அடித்தாலும் அடுத்த வருடமும் அப்பளம்தான் பொரியும். அடிப்பதற்கு முன் யாராவது மேசன் அந்தச் சுவரில் சீமெந்து வைத்து ஓட்டை அடைத்திருந்தால் இன்னும் மோசம். ஈரம் சீமெந்துக்குள்ளால் வர முடியாமல் அதைச் சுற்றி மேலே ஏறும்.

செய்ய வேண்டியது இது. முன்வீட்டில் 2021 பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது. உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். பூச்சு உதிர்ந்த இடத்தை ஆற்று மணலும் சுண்ணாம்பும் சேர்த்து அடையுங்கள். கடல் மணல் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதில் சாந்து குழைக்கவும் வேண்டாம், குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். கூலி மிச்சம் பார்த்து இந்த இரண்டிலும் உப்பை நாமே சுவருக்குள் வைத்துவிடுகிறோம். பிறகு சுண்ணாம்பு. கெட்டியாக ஒரு தரம் அப்பக் கூடாது. பால் போலக் கரைத்து மூன்று நான்கு கை. ஒவ்வொரு கைக்கு முன்னும் சுவரை இலேசாக நனைக்க வேண்டும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். சுண்ணாம்பில் எல்லா நிறமும் நிற்காது, அதன் காரம் பலதைத் தின்றுவிடும். மண்ணிலிருந்து வரும் காவி, மஞ்சள், தவிட்டு நிறங்கள் நிற்கும். இரும்பிலிருந்து வருகிற நிறம் என்பதால் வெயிலும் அவற்றை ஒன்றும் செய்யாது. கோயில் மதில் காவிப் பட்டையை நினைத்துப் பாருங்கள். ஆகவே முன்வீட்டைப் பொறுத்தவரை அம்மா சொன்னதுதான் சரி. சுண்ணாம்பில் நீலம் வேண்டுமென்றால் துணிக்குப் போடும் நீலத்தில் கொஞ்சம் கரைக்கலாம். அது கடல் நீலம் வராது, வெள்ளைக்கு ஒரு குளிர்ச்சி வரும், அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். கடல்பக்கச் சுவரில் வாடை மழை நேராக அடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, தள்ளிப்போட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டி வரும். அப்பா பொங்கலுக்குப் பொங்கல் அடித்தது சும்மா இல்லை.

பின்வீட்டு புளொக்கல்லுக்கு டின் பெயின்ட் சரி. புதிய பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் விடுங்கள். பிறகு இரண்டடிக்கு இரண்டடி பொலித்தீன் ஒன்றை நாலு பக்கமும் ஒட்டுநாடா போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் வையுங்கள். எடுக்கும்போது உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த பிறகும் காரம் தாங்கும் பிரைமர் ஒரு கை, அதற்குமேல் பெயின்ட் இரண்டு கை. பழைய மேற்குச் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் பச்சை மாவு வந்தால் அதைக் கழுவி, காயவிட்டு, பிரைமர் போடாமல் ஒன்றும் அடிக்காதீர்கள்.

உவர்மலை டீச்சர்:

நீல ஆசை எனக்கும் இருந்தது. அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

நல்ல அடர்த்தியான நீலம். தை மாதம் அடித்தோம். தென்மேற்குக் கச்சான் காற்றும் வெயிலும் இரண்டு முறை வந்து போவதற்குள் மேற்குச் சுவர் கழுவிக் கழுவி உடுத்த பள்ளிச் சீருடை மாதிரி ஆகிவிட்டது. மாமர நிழல் விழுந்த இடம் மட்டும் முதல் நாள் நீலம். சுவரில் ஒரு மாமரம் வரைந்து வைத்த மாதிரி இருந்தது, வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்டார்கள். பிறகு அந்த நிழல் பகுதியிலும் கறுப்பாகப் பாசி பிடித்தது. பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு கலந்து பூசி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகக் கழுவினேன். கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்போடு செய்யுங்கள். அதோடு வேறு எந்தத் திராவகமும் சேர்க்காதீர்கள்.

அதைவிட எரிச்சல் வேறொன்று. 4 லீட்டர் டின் மூன்று வாங்கினோம். குறைந்ததால் ஒரு வாரம் கழித்து அதே கடையில் அதே இலக்கம் சொல்லி நான்காவதும் கலந்து வாங்கினோம். அந்த டின் அடித்த சுவர் இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. கடைக்காரர் "வெயிலில் ஒரே மாதிரி வந்துவிடும்" என்றார். வரவில்லை. ஆகவே கணக்குப் பார்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். டின்களைப் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்த பிறகே பிரஷை நனையுங்கள்.

நிற அட்டையை நம்ப வேண்டாம். சின்ன டின் வாங்கிக் கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் பாய் அளவுக்கு அடித்துக் காலை, மத்தியானம், பொழுதுபடும் நேரம் மூன்று தடவை பாருங்கள். நான் கடையில் "மணல் நிறம்" என்று தெரிந்தெடுத்த ஒன்று பன்னிரண்டு மணி வெயிலில் வெறும் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது.

கிண்ணியா வாசி:

அக்கா, சுவரைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், கூரையை விட்டுவிட்டீர்கள். சித்திரை வருடப்பிறப்பு வரும் நாட்களில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்துவிடும், ஆவணி நடுவில் திரும்பவும் வரும். மத்தியான வெயிலை வாங்குவது கூரை. எங்கள் வீட்டுச் சீற்றுக்கு வெள்ளைக் கூரைப் பெயின்ட் அடித்த பிறகுதான் மத்தியானம் அறைக்குள் படுக்க முடிந்தது. உங்கள் சீற் அஸ்பெஸ்ரஸ் என்றால் ஒன்று மட்டும் கவனம்: கம்பிப் பிரஷோ சாண்ட்பேப்பரோ போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. ஏறுகிறவர் பலகை போட்டு நிற்கட்டும், சீற்றில் காலை வைத்தால் உடையும்.

அலஸ்தோட்டத்துக்காரி:

அண்ணா, நீங்கள் நேரில் வந்து பார்த்தது மாதிரி இருக்கிறது. 2021இல் அந்தச் சுவரில் சீமெந்து வைத்து அடைத்தது உண்மை. இன்று காலை ஒரு துண்டைத் தட்டிப் பார்த்தோம். சீமெந்து தகடாகக் கழன்று வந்தது, பின்னால் செங்கல் ஈரமாக, கருஞ்சிவப்பாக இருந்தது. சீமெந்து வைக்காத இடத்துச் செங்கல் காய்ந்து கிடக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஈரக்கல்லில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

முன்வீடு சுண்ணாம்பு மஞ்சள் என்று முடிவாகிவிட்டது. பின்வீட்டுக்கு இவர் இன்னும் கரும்சாம்பலை விடவில்லை. கறள் தெரியாது, அழுக்குத் தெரியாது என்கிறார்.

பழைய பிரஷ், பாலையூற்று:

அழுக்குத் தெரியாது, சரி. உப்புப் பூத்தால் அதில்தான் பளிச்சென்று தெரியும். கறுப்புச் சேலையில் மா சிந்தின மாதிரி. கடும் நிறம் வெயிலைக் குடித்துச் சுவரைச் சூடாக்கும், இரவு ஒன்பது மணிக்கும் கை வைத்தால் சுடும். பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கிச் சுருங்கி, பூச்சில் மயிர்வெடிப்பு வரும். அடுத்த வாடையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். கனடாவில் வெயிலைத் தேடுகிறார்கள், நாங்கள் வெயிலுக்கு ஒளிகிறோம்.

அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. சுவர் முழுக்க வெளிர் மணல் நிறமோ வெளிர்சாம்பலோ அடித்து, நிலத்திலிருந்து ஒன்றரை அடிக்கு மட்டும் அந்தக் கரும்சாம்பலைப் பட்டையாக இழுங்கள். கூரைத் தண்ணீர் விழுந்து மண் தெறிப்பது அந்த உயரத்துக்குத்தான். உங்கள் நீலத்துக்குக் கதவும் யன்னலும் இருக்கின்றன. மரத்தில் வெளிறினால் ஒரு நாளில் திரும்ப அடிக்கலாம்.

யன்னல் கம்பியைக் கறள் போகத் தேய்த்து, அன்றைக்கே கறள் தடுப்பு பிரைமர் பூசிவிடுங்கள். ஒரு இரவு விட்டால் கடற்காற்று திரும்பவும் கறளைத் தொடங்கிவிடும். அந்தக் கம்பி வேலை முடிந்த பிறகுதான் சுவர். பின்வீட்டுச் சுவரில் படிந்த உப்புக்காற்றை முதல் நாள் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிறகு நிழலைப் பின்தொடர்ந்து அடியுங்கள்: காலையில் மேற்குச் சுவர், மத்தியானத்துக்குப் பிறகு கிழக்கு. கொதிக்கிற சுவரில் பெயின்ட் பரவுவதற்கு முன் காய்ந்து பிரஷ் கோடு விழும். உங்கள் பெயின்டர் காலை எட்டு மணிக்குக் கடலைப் பார்த்த சுவரில் தொடங்கினால் தேத்தண்ணி கொடுத்து மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அலஸ்தோட்டத்துக்காரி:

பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். முன்சுவர் சுரண்டி முடிந்தது. எட்டு நாள் பிடித்தது, கூலி பெயின்ட் காசைத் தாண்டிவிட்டது. சுரண்டும்போது பச்சைக்குக் கீழே அப்பாவின் வெள்ளை தாள் தாளாக வந்தது. ஒரு துண்டை வெட்டுமுகத்தில் பார்த்தால் மெல்லிய நீலமும் வெள்ளையும் மாறி மாறி. நீலம் கலந்த வருடங்களும் கலக்காத வருடங்களும் போலிருக்கிறது. அம்மா அதை எடுத்துச் சாமித்தட்டில் வைத்திருக்கிறார்.

புதிய அறையில் ஒட்டிய பொலித்தீன் இரண்டு சுவரில் காய்ந்து வந்தது, குளியலறைப் பக்கம் இன்னும் வியர்க்கிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம். மாதிரிக்கு அடித்த மூன்றில் இவர் தானாகவே வெளிர்சாம்பலைக் காட்டினார். கரும்சாம்பல் அடித்த பாய் அளவு இடத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு நான்தான் அவர் கையைப் பிடித்து வைத்தேன்.