வேலி முழுக்கக் கவிழ்த்த குடை போல வலை: இது எந்தச் சிலந்தி? எலுமிச்சைக்கு ஆகுமா?

உச்சிப்புளி தோட்டம்:
வணக்கம். சப்பாத்திக்கள்ளி வேலியிலும் உடைமரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டியபடி ஏகப்பட்ட வலைகள். நடுவில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது, மேலே நூல் சிக்கல். கச்சான் காற்றிலும் அறுந்து போகவில்லை. இப்போது பக்கத்து எலுமிச்சைக் கன்றுகளுக்கும் ஏறிவிட்டது. வலைக்குள் வெள்ளி மணி போலச் சின்னச் சின்னதாக வேறு உட்கார்ந்திருக்கின்றன, அவை குஞ்சுகளா? மருந்து அடிக்கலாமா?

முள்வேலி:
சிர்டோஃபோரா பேரினம், கூடாரச் சிலந்தி. வட்டவலைச் சிலந்திக் குடும்பம்தான், ஆனால் வலை படுக்கைவாட்டில் இருக்கும், பசை கிடையாது. விரலால் தொட்டால் ஒட்டாது. பசை உள்ள வலை புழுதியில் சீக்கிரம் கெட்டுப்போகும், அதைப் பெரும்பாலும் தினமும் புதுப்பிக்க வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. கிழிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டு நாள்கணக்கில் ஓட்டிவிடும். பூச்சி மேலேயுள்ள நூல் சிக்கலில் மோதித் தடுமாறிக் கூடாரத்தில் விழும், அடியில் தொங்கும் சிலந்தி ஓடிவந்து பிடிக்கும்.

வெள்ளி மணிகள் குஞ்சுகள் அல்ல. ஆர்கைரோடெஸ் என்ற வேறு குடும்பத்துச் சிலந்தி, அடுத்தவர் வலையில் இரை திருடிப் பிழைப்பது.

இனம் சொல்லப் படம் போடுங்கள். சிலந்தி தலைகீழாகத் தொங்குவதால் முதுகு தரையைப் பார்த்திருக்கும். மேலிருந்து எடுத்தால் வயிறுதான் விழும். கேமராவைக் கீழே வைத்து மேல்நோக்கி எடுங்கள். வலைக்கு, வெயில் ஏறுமுன் கைத்தெளிப்பானால் மெல்லிய நீர்த்துளி அடித்து, பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் நூல் ஒவ்வொன்றும் தெரியும். மாவு தூவாதீர்கள், பசையில்லாத வலையில் அது சரியாக நிற்காது.

வலைக்கண்:
முள்வேலி அண்ணன் சொன்னதோடு: நிறத்தை நம்பவே வேண்டாம். இதே பேரினத்தில் சிகாட்ரோசா, சிட்ரிகோலா, யூனிகலர் என்று பல இனங்கள் உண்டு. சிகாட்ரோசாவைக் கலைத்துவிட்டால் வினாடிகளில் கருத்துவிடும். வயிற்றின் பின்முனை இரு மொட்டைப் புடைப்பாகப் பிளந்து, வலையின் நடுவுக்கு மேலே முட்டைப் பைகள் செங்குத்தாகச் சரம் கோத்தாற்போலத் தொங்கினால் சிட்ரிகோலாவாக இருக்க வாய்ப்பு. சுருண்ட காய்ந்த இலைக்குள் பதுங்கும் சிவந்த பெரிய உருவம் என்றால் யூனிகலர். உறுதியாகச் சொல்ல முதிர்ந்த பெண்ணின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும். ஆண் 3 மில்லிமீட்டர் அளவுதான், கண்ணிலேயே படாது.

உங்கள் பக்கத்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலிருந்தும் மாதிரி எடுத்துவிடாதீர்கள், வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்து வேலியில் அந்தச் சிக்கல் இல்லை.

உச்சிப்புளி தோட்டம்:
நன்றி. பின்முனை பிளந்துதான் இருக்கிறது, சரமும் உண்டு. கன்றுகளுக்கு என்ன செய்ய?

முள்வேலி:
சிலந்தி இலையைத் தின்னாது. ஆனால் வலை அடர்ந்து மூடினால் வெளிச்சம் மறையும். இதே சிட்ரிகோலா கொலம்பியாவுக்குப் போய், 1990களின் பிற்பகுதியில் அங்கே பழமரங்களை வலையால் மூடியது பதிவாகியிருக்கிறது. நம் பக்கம் அது சொந்த ஊர்க்காரன். முட்டைப் பையைத் துளைத்து உள்ளே புழு வளர்க்கும் சின்னக் குளவிகள் இருக்கின்றன. பழைய பைகளில் குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தால் பெரும்பாலும் அவற்றின் வேலை.

மருந்து வேண்டாம். சிலந்தி செத்தாலும் வலை அப்படியே நின்று நிழல் கட்டும், பைக்குள் இருக்கும் முட்டைக்கும் மருந்து சரியாக எட்டாது. கன்றில் உள்ளதை மட்டும் எடுங்கள். முதலில் அகலமான டப்பாவைக் கூடாரத்துக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டு வலையைத் தட்டினால் சிலந்தி அதில் விழும். பிறகு முட்டைச் சரம், கடைசியில் ஓரத்து இழுவை நூல்களை அறுத்துக் கவைக்குச்சியில் வலையைச் சுற்றி எடுங்கள். வரிசையை மாற்றினால் சிலந்தி தரையில் விழுந்து மண்ணோடு மண்ணாகிவிடும், தேட முடியாது. எல்லாவற்றையும் வேலியின் தூரத்து முனையில் விடுங்கள், இல்லையென்றால் திரும்ப ஏறும்.

வலைக்கண்:
கையுறை போடுங்கள். சிலந்திக்காக அல்ல, கள்ளி முள்ளுக்காக.