டென்மார்க் மீனவர்கள் காசு வாங்கினார்களா, இல்லையா?

திண்ணைவாசி:
"1943-ல், நாஜி ஜெர்மனி பிடித்துவைத்திருந்த டென்மார்க்கின் மீனவர்கள் ஒரு பைசா வாங்காமல் ஏழாயிரம் யூதர்களை, போரில் சேராத சுவீடனில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாஜிகள் யூதர்களை அடையாளமாக அணியச் சொன்ன மஞ்சள் நட்சத்திரத்தை ராஜாவே குத்திக்கொண்டார்" என்று ஞானப்பழம் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. காசு வாங்கினார்கள் ஐயா. தலைக்குச் சராசரி 1,000 குரோனர். சிலர் 50,000 வரை கேட்டிருக்கிறார்கள். அப்போது அங்கே சராசரி மாதச் சம்பளம் 500-ஐத் தொடாது. நட்சத்திரமும் கட்டுக்கதை. டென்மார்க்கில் யூதர்களுக்கே அந்த உத்தரவு வந்ததில்லை.

ஞானப்பழம்:
நட்சத்திரக் கதை எங்கள் வாத்தியார் சொன்னது. அதை விடுங்கள். உயிரைக் காப்பாற்றியவனைக் காசுக்காரன் என்று எழுத எப்படி மனசு வருகிறது?

நெய்தல்மகன்:
திண்ணைவாசி சார், நீங்க படகுல கால் வெச்சிருக்கீங்களா? எங்கப்பா நாப்பது வருஷம் கடலுக்குப் போனவர். மீனவனுக்குப் படகுதான் வீடு, நிலம், நகை எல்லாம். ஜெர்மன்காரன் பிடிச்சா படகும் போச்சு, ஆளும் ஜெயிலுக்குப் போவான். மீன் கொட்டுற அறைக்குள்ள ஆளை அடுக்கி, மேல தார்ப்பாய் மூடி, குழந்தை அழுதா எல்லாரும் மாட்டுவாங்கன்னு டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வெச்சு ஏத்தியிருக்காங்க. படகு போனா அந்தக் குடும்பத்துக்கு யார் சோறு போடுவா? பதில் சொல்லுங்க.

திண்ணைவாசி:
அதற்கு 50,000-ஆ?

நெய்தல்மகன்:
எல்லாரும் வாங்கினாங்களா? சிலர். நீங்களே "சிலர்"னுதான் எழுதியிருக்கீங்க. கையில காசில்லாதவங்களுக்காக ஊர்ல பணம் திரட்டிக் கொடுத்தாங்களே, அது எங்க போச்சு? படகு போனா யார் சோறு போடுவா?

அகல்யா:
இரண்டு பேரும் முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள். கூலி வாங்கிச் செய்தால் அது காப்பாற்றுவது ஆகாதா? யூதர்களைக் காப்பாற்றியவர்களைக் கௌரவிக்கும் இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வாஷெம், ஒருவரைக் கௌரவிப்பதற்குப் பணத்தை எதிர்பார்க்காமல் செய்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையே இருக்கிறது.

திண்ணைவாசி:
நன்றி அம்மா. நான் சொன்னது அதுதான். 50,000.

நெய்தல்மகன்:
அகல்யா அக்கா, அதே யாத் வாஷெம் டென்மார்க்கோட நாஜி எதிர்ப்பு இயக்கத்தை மொத்தமா ஒரே குழுவா கௌரவிச்சிருக்கு. தனித்தனியா எங்க பேரைப் போடாதீங்கன்னு கேட்டதே அவங்கதான். காசாசை பிடிச்சவன் அப்படிக் கேப்பானா?

திண்ணைவாசி:
மீனவர்களும் இயக்கமும் ஒன்றல்ல. முன்பு இங்கே போலந்து பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் இரண்டைக் குழப்பினீர்கள். நான் மறக்கவில்லை.

நெய்தல்மகன்:
போலந்துல நீங்கதான் பாதியில ஓடினீங்க. அதை இங்க இழுக்காதீங்க.

வடக்குவாசல்:
எல்லோரும் படகையே பேசுகிறீர்களே, சேதி சொன்னவர் யார்? கோபன்ஹேகனில் இருந்த ஜெர்மன் அதிகாரி டுக்விட்ஸ். யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்று அவர் கசியவிட்டதால்தான் செப்டம்பர் 29 காலை ஜெப ஆலயத்தில் ரபி மெல்கியோர் எல்லோரையும் வீட்டுக்குப் போகாமல் ஒளிந்துகொள்ளச் சொன்னார். அக்டோபர் 1 இரவு ஜெர்மன்காரர்கள் கதவைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகள் காலி.

திண்ணைவாசி:
டுக்விட்ஸ் 1932-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அதையும் எழுதுங்கள்.

வடக்குவாசல்:
சேர்ந்தவர்தான். பிறகு தலையைப் பணயம் வைத்தாரே, அது கணக்கில் வராதா?

நெய்தல்மகன்:
டுக்விட்ஸ் பேச்சு அப்புறம். கில்லேலையேங்கிற டென்மார்க் கடற்கரை ஊர் சர்ச்சுக்கு வாங்க. மேல்மாடத்துல, கூரைக்குக் கீழ, ஏறக்குறைய எண்பது பேர் குளிர்ல படகுக்காகக் காத்திருந்தாங்க. யாரோ காட்டிக்கொடுத்தாங்க. நாஜி ரகசியப் போலீஸ் கெஸ்டபோ வந்து பிடிச்சிட்டுப் போனான். அதே கரையிலதான் மீனவனும் இருந்தான், அதைப் பார்த்தான். பார்த்துட்டும் மறுபடி படகை எடுத்தான். நெதர்லாந்துல ஒளிஞ்சிருந்த யூதனைப் பிடிச்சுக் கொடுத்தவனுக்குத் தலைக்கு 7.50 கில்டர் கொடுத்தாங்க. காசு வாங்கினவன்னா அவனைச் சொல்லுங்க! அங்க முக்கால்வாசி யூதர்கள் செத்தாங்க. டென்மார்க்ல பிடிபட்டு தெரேசியன்ஷ்டாட் நாஜி முகாமுக்குப் போனது 470 பேர் சுமார். மத்தவங்க பிழைச்சதுக்குப் படகுதான் காரணம்.

திண்ணைவாசி:
படகு மட்டுமா? கடலில் ஜெர்மன் ரோந்து தீவிரமாக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரே சுவீடன் கதவைத் திறந்து வைத்திருந்தது. டென்மார்க் கரையிலுள்ள ஹெல்சிங்கோரிலிருந்து அக்கரை நாலே கிலோமீட்டர். நாலு கிலோமீட்டருக்கு 50,000!

நெய்தல்மகன்:
நாலு கிலோமீட்டரா? அக்டோபர் கடல்ல, ராத்திரி, விளக்கில்லாம? எல்லாப் படகும் ஹெல்சிங்கோர்லயா கிளம்புச்சு? வழியில மூழ்கிச் செத்தவங்களும் இருக்காங்க சார். கடலைத் தூரத்தை வெச்சு அளக்கிறவன் கடலுக்குப் போனதில்லைன்னு எங்கப்பா சொல்வார்.

ஞானப்பழம்:
என் வாத்தியாரைக் கேலி செய்ததற்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

திண்ணைவாசி:
உங்கள் வாத்தியாரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுக்கதையைக் கட்டுக்கதை என்றேன்.

அகல்யா:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நெய்தல்மகன்:
அக்கா, என் கேள்விக்கே வரலை. படகு போனா யார் சோறு போடுவா?

திண்ணைவாசி:
50,000 வாங்கியவனுக்குச் சோற்றுக்கு என்ன குறை?