அக்வயர்: நிறுவனங்கள் இணையும்போது பங்குகளை விற்பதா, மாற்றுவதா, வைத்திருப்பதா?

கேள்வி:
சிட் சாக்சன் வடிவமைத்த அக்வயர் பலகை ஆட்டத்தை நாங்கள் நால்வர் தொடர்ந்து ஆடிவருகிறோம். ஒரு ஹோட்டல் நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் விழுங்கும்போது, விழுங்கப்பட்டதன் பங்குகளை விற்றுவிடுவதா, இரண்டுக்கு ஒன்றாகப் பெரிய நிறுவனத்தின் பங்குகளாக மாற்றிக்கொள்வதா, கையிலேயே வைத்திருப்பதா என்பதில் எங்களுக்குள் ஆளுக்கொரு கருத்து நிலவுகிறது. நம்பத்தகுந்த அளவுகோல் ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
முதலில் கையிருப்பைப் பாருங்கள். தொடக்கத்தில் தரப்படும் 6,000 டாலர், ஒரு முறைக்கு மூன்று பங்குகள் வரை வாங்கிக்கொண்டே போனால் விரைவில் கரைந்துவிடும். ஆட்டத்தின் நடுவே, இணைப்பு நிகழும்போதன்றிப் பங்குகளை விற்க வழியில்லை. ஆகவே பணம் வற்றியிருந்தால் விற்பதே முறை. பணம் போதுமென்றால், பெரிய நிறுவனத்தின் பங்கு விலை இரு மடங்கைத் தாண்டுகிறதா என்று பார்த்து மாற்றலாம். பங்கு விலை மலிவான நிறுவனங்களின் பிரிவில், பலகையில் அடுக்கிய 3 கட்டைகள் கொண்ட நிறுவனத்தின் பங்கு 300 டாலர், 11 கட்டைகள் கொண்டதன் பங்கு 700 டாலர். நான்கு பங்குகளை விற்றால் 1,200 டாலர் கிடைக்கும், மாற்றினால் 1,400 டாலர் மதிப்புள்ள இரண்டு பங்குகள் கிடைக்கும்.

மறுமொழி 2:
இந்தக் கணக்கு சரியே. ஆனால் அது மட்டும் போதாது என்று உறுதியாகக் கருதுகிறேன். அதிகப் பங்கு வைத்திருப்பவருக்குப் பங்கு விலையைப் போல் 10 மடங்கும், இரண்டாமவருக்கு 5 மடங்கும் போனஸ் கிடைக்கிறது. பங்கு விலை 700 டாலர் என்றால் 7,000, 3,500 டாலர். இவ்வளவு பெரிய இடைவெளியை ஒரே ஒரு பங்கு தீர்மானிக்கக்கூடும் என்பதால், பெரிய நிறுவனத்தில் முதலிடம் கைக்கு வருமென்றால் விலை இரு மடங்கை எட்டாவிட்டாலும் மாற்றிவிடுவேன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 25 பங்குகளே உள்ளன என்பதையும், இணைப்பை உண்டாக்கியவரே முதலில் முடிவெடுப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் முறை வருவதற்குள் பங்குகள் தீர்ந்துபோகலாம்.

மறுமொழி 3:
வைத்திருப்பதற்கும் இடமுண்டு. விழுங்கப்பட்ட நிறுவனத்தை வேறோர் இடத்தில் மீண்டும் தொடங்கலாம். அப்போது பழைய பங்குகள் உயிர் பெற்று, வைத்திருந்தவரை முதலிடத்தில் நிறுத்தும். இது ஆட்டத்தின் முற்பாதிக்கு மட்டுமே பொருந்தும். 11 கட்டைகளை எட்டிய நிறுவனங்களை எவரும் விழுங்க முடியாது. அத்தகையவை பலகையை நிறைத்த பிறகு புதிதாகத் தொடங்க இடம் கிடைப்பது அரிது. மீண்டும் தொடங்கப்படாத நிறுவனத்தின் பங்குக்கு இறுதிக் கணக்கில் ஒரு டாலர்கூடக் கிடைக்காது.