போஸ்ட்-பேக் முழுக்க ஏ வாங்கியும் ஜிபிஏ 3.28தானா?

எடிசன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். டிகிரியில் 120 கிரெடிட் (பாடத்தின் அளவுப் புள்ளி), ஜிபிஏ (4.0க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 3.1. அதன் பிறகு பகலில் கிளினிக்கில் டாக்டருக்குக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலை, மாலையில் போஸ்ட்-பேக் வகுப்பு (டிகிரி முடித்த பிறகு எடுக்கும் இளநிலைப் பாடங்கள்) என்று ஓடி 30 கிரெடிட் முடித்தேன். எல்லாம் அறிவியலும் கணக்கும்தான், எல்லாவற்றிலும் ஏ. டிகிரியில் சி வாங்கிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் திரும்பப் படித்து அதிலும் ஏ வாங்கினேன். 3.1, 4.0 இரண்டுக்கும் நடுவில் 3.55 வரும் என்று நம்பியிருந்தேன். முந்தாநாள் ஆம்காஸ் (மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) என் கிரேடுகளைச் சரிபார்த்து முடித்தது. 3.28 என்கிறது, பழைய சியும் போகவில்லை. யாரிடம் முறையிடுவது?

வெண்பலகை:
தங்கச்சி, கணக்கு சரிதான். ஜிபிஏவை அந்தந்த கிரெடிட்டால் பெருக்கித்தான் கூட்ட வேண்டும். 120 × 3.1 = 372. 30 × 4 = 120. மொத்தம் 492, அதை 150ஆல் வகுத்தால் 3.28. திரும்பப் படித்தாலும் ஆம்காஸ் இரண்டு கிரேடையும் எண்ணும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவையான ஆகோமாஸில் முன்பு புதிய கிரேடு பழையதை மாற்றிவிடும். 2017இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

எடிசன்வாசி:
அப்போ இத்தனை உழைப்பும் வீண்தானா அண்ணா? மாஸ்டர்ஸ் செய்தால் ஏறும் என்று ஒருவர் சொன்னார்.

வெண்பலகை:
மாஸ்டர்ஸ் கிரேடு தனி வரியில் போகும், இளநிலை ஜிபிஏவை அசைக்காது. போஸ்ட்-பேக் இளநிலைப் பாடம் என்பதால்தான் மொத்தத்தில் சேர்கிறது. கம்யூனிட்டி காலேஜில் படித்தாலும் அப்படியே.

இரவுப்பணி:
வீண் என்று சொல்லாதீர்கள் தங்கச்சி. நானும் இந்த வழியில் வந்தவள்தான். கிரேடு அட்டவணையைத் திறந்து, நான்கு வருட வரிகளுக்குக் கீழே பாருங்கள். போஸ்ட்-பேக்குக்கென்று ஒரு வரி இருக்கும், அதில் 4.00 தனியாக நிற்கும். விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் அது படாமல் போகாது. பிசிபிஎம், அதாவது உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் சேர்ந்த ஜிபிஏ எவ்வளவு? எனக்கு மொத்தத்தைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது.

எடிசன்வாசி:
டிகிரியில் பிசிபிஎம் 40 கிரெடிட், 2.9. இப்போது 3.34 காட்டுகிறது அக்கா.

வெண்பலகை:
40 × 2.9 = 116, அதோடு 120, மொத்தம் 236. 70ஆல் வகுத்தால் 3.37 வர வேண்டுமே. ஏதோ ஒரு பாடம் பிசிபிஎம்மில் சேரவில்லை. ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

எடிசன்வாசி:
கண்டுபிடித்துவிட்டேன்! பயோஸ்டாடிஸ்டிக்ஸ், 3 கிரெடிட். நான்தான் ஹெல்த் சயின்ஸ் என்று குறித்திருக்கிறேன்.

இரவுப்பணி:
அது கணிதத்தில் வர வேண்டிய பாடம். சரிபார்த்து முடித்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அகாடமிக் சேஞ்ச் ரிக்வெஸ்ட் (சரிபார்த்ததில் திருத்தம் கேட்கும் மனு) போட வேண்டும். பாட விவரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடிசன்வாசி:
இன்னும் 8 நாள் இருக்கிறது. சிலபஸை எடுத்துவிட்டேன், இன்று இரவே போட்டுவிடுகிறேன். ரொம்ப நன்றி அண்ணா, அக்கா.